விளையாட்டு வீல்சேர்: பணம் கட்டும் முன் அளவெடுங்கள்

ஆஸ்பத்திரியில் பார்க்கிற மடக்கு வீல்சேரில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடினால் சீக்கிரமே தோள் கெஞ்சும். "நமக்கு ஸ்டாமினா போதலை" என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். குறை உங்களிடம் இல்லாமல் வண்டியில் இருக்கலாம்.

கூடைப்பந்து வண்டியை எதிரே நின்று பாருங்கள். பெரிய சக்கரங்கள் இரண்டும் மேலே நெருங்கி, கீழே விரிந்து சாய்ந்திருக்கும். இதைக் கேம்பர் என்பார்கள். 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும். அடி அகலமாவதால் சட்டென்று திரும்பினாலும் பக்கவாட்டில் எளிதில் கவிழாது. இரண்டு வண்டிகள் மோதினால் சக்கரத்தின் அடிதான் முதலில் இடிபடும், விரல் தப்பிக்கும். பின்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் மல்லாந்து விழாமல் தாங்கும்.

உண்மையான இழுபறி இருக்கை உயரத்தில்தான். உயர்த்தினால் கூடை பக்கத்தில் வரும். ஆனால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும் தூரம் குறையும், வண்டியும் ஆட்டம் காணும். அதனால் கூடை அருகே ஆடுபவர் உயரமாகவும், பந்தை நகர்த்திச் செல்பவர் தாழ்வாகவும் உட்காருவது வழக்கம்.

ஓட்டப் பந்தய வண்டி வேறு ரகம். மூன்று சக்கரம், நீண்ட முன்பகுதி. கையால் தள்ளும் வளையம் சிறியது. சைக்கிளில் பெரிய கியர் போட்ட மாதிரி, கிளம்பத்தான் கஷ்டம். வேகம் பிடித்துவிட்டால் ஒரு தள்ளலுக்கு நிறைய தூரம் போகும். அதை வைத்துக் கூடைப்பந்து ஆட முடியாது.

'ஸ்போர்ட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ரெடிமேட் வண்டியை ஆன்லைனில் பார்த்ததும் பணம் கட்டிடாதீங்க. இருக்கை 2 அங்குலம் அகலமாக இருந்தாலே, இடுப்பைத் திருப்பும்போது முதலில் உடம்பு நகரும், பிறகுதான் வண்டி.

இப்போதுள்ள வண்டியை உங்கள் போனிலேயே சோதிக்கலாம். சக்கர வளையத்தின் உச்சியில் கை வைத்து, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் மடங்கியிருந்தால் நல்லது. அதைவிட நீண்டிருந்தால் இருக்கை உயரம் அதிகம். ரொம்ப மடங்கினால் தாழ்வு.

உதவி கேட்டு விண்ணப்பிக்கும்போது வெறுமனே 'வீல்சேர்' என்று எழுதாதீர்கள். எந்த விளையாட்டு, இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை உள்ள நீளம் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள்.

முதல் வண்டி என்றால், அச்சை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருக்கா என்று கேளுங்கள். அச்சு முன்னால் வர வர வண்டி லேசாகத் திரும்பும், ஆனால் பின்பக்கம் சாயவும் பார்க்கும். முதலில் பின்னுக்கு வைத்துப் பழகி, கை தேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவரலாம்.