சாதாரண லென்ஸில் எறும்பின் முகம்

எறும்பைப் படம் பிடிக்க முயன்றிருக்கிறீர்களா? காமிராவை எறும்புக்கு அருகே கொண்டுபோவீர்கள். ஓர் எல்லையைத் தாண்டியதும் எல்லாம் மங்கிவிடும். பின்வாங்கினால் எறும்பு தெளிவாகும்; ஆனால் படத்தில் அது வெறும் புள்ளி! "இதற்கெல்லாம் மேக்ரோ லென்ஸ் வேண்டும், பல ஆயிரம் ரூபாய் ஆகும்" என்று யாராவது சொல்லி உங்கள் உற்சாகத்தைக் குறைத்திருப்பார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே பார்த்துவிடலாம்.

குவிலென்ஸ், மெழுகுவர்த்தி, வெள்ளைத் திரை. இந்தச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள், அல்லது விரைவில் செய்யப் போகிறீர்கள். மெழுகுவர்த்தி தொலைவில் இருந்தால் சுடரின் பிம்பம் சிறியது. அது லென்ஸுக்கு அருகிலேயே விழும். மெழுகுவர்த்தியை நெருக்கிக்கொண்டே வந்தால் திரையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கும், பிம்பமும் பெரிதாகும். குவியத் தூரத்தைப்போல் இரு மடங்கு தொலைவில் மெழுகுவர்த்தி நின்றால், மறுபுறம் அதே இரு மடங்கு தொலைவில் பிம்பம் விழும். அப்போது சுடர் எவ்வளவு உயரமோ, பிம்பமும் அவ்வளவே. காமிராவிலும் நடப்பது இதுதான். திரையின் இடத்தில் முன்பு பிலிம் இருந்தது, இன்று சென்சார் இருக்கிறது.

50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை எடுத்துக்கொள்வோம். பழைய பிலிம் காமிராக்கள் பலவற்றுடன் வந்தது இதுவே. தொலைவிலுள்ள மலையை எடுக்கும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து 50 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பொருளுக்காக வளையத்தைத் திருகினால் லென்ஸ் முன்னே நகரும். ஆனால் ஏழெட்டு மி.மீ. நகர்ந்ததும் மரை முடிந்துவிடும். அந்த நிலையில் பொருள் ஏறக்குறைய 45 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். பிம்பமோ பொருளில் ஏழில் ஒரு பங்குதான். 10 மி.மீ. எறும்பு சென்சாரில் ஒன்றரை மி.மீ. ஆகிவிடும். ஆக, நம்மைத் தடுப்பது கண்ணாடி அல்ல, மரையின் நீளம்!

ஆகவே லென்ஸை இன்னும் முன்னே தள்ளினால் போதும். கணக்கு எளியது. லென்ஸ் கூடுதலாக நகர்ந்த தூரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. நகர்த்தினால் விடை 1. அதாவது எறும்பு நிஜ அளவில் சென்சாரில் விழும். இதற்கென்றே கண்ணாடி இல்லாத வெற்று வளையங்கள் கடைகளில் விற்கின்றன. மின் இணைப்பு இல்லாத வளையங்கள் மலிவு. லென்ஸைக் கழற்றி, இடையில் வளையத்தைப் பொருத்தி, மறுபடி லென்ஸை மாட்ட வேண்டியதுதான். கைவேலையில் விருப்பமுள்ளவர்கள் பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டிச் செய்துகொள்ளலாம். காமிரா வாயை மூடும் மூடியும் லென்ஸின் பின்மூடியும் இருந்தால், அவற்றின் நடுவில் துளையிட்டுக் குழாயின் இரு முனைகளிலும் ஒட்டிவிடலாம். உள்ளே பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருந்தால் அது நேரே சென்சாருக்குப் போகும். நன்றாகத் துடைத்தபின் மாட்டுங்கள்.

இதைவிட வேடிக்கையான வழி ஒன்று உண்டு. லென்ஸைக் கழற்றித் திருப்பி, அதன் முகம் காமிராவைப் பார்க்கும்படி கையாலேயே பிடியுங்கள். லென்ஸ் செய்தவர்கள் முன்புறம் நெடுந்தொலைவும் பின்புறம் சில சென்டிமீட்டரும் இருக்கும் என்று எண்ணியே அதை வடிவமைத்தார்கள். எறும்பு விஷயத்தில் நிலைமை தலைகீழ். எனவே லென்ஸையும் தலைகீழாக்குகிறோம். 50 மி.மீ. லென்ஸ் இப்படி ஏறக்குறைய நிஜ அளவுப் படம் தரும். 28 மி.மீ. லென்ஸ் இரு மடங்குக்கு மேலும் பெரிதாக்கும். குவியத் தூரம் குறையக் குறையப் பெருக்கம் கூடும் என்பது முதலில் வியப்பாகத்தான் இருக்கும்! கையால் பிடித்தால் இடைவெளி வழியே ஒளியும் தூசியும் நுழையும். பழகியபின், லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் மரை வளையம் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. புதிய லென்ஸ்கள் பலவற்றில் ஒளித்துளையைக் காமிராதான் மின்சாரத்தால் இயக்குகிறது. கழற்றித் திருப்பினால் அது நம் சொல் கேட்காது. துளையை மாற்றக் கையால் திருகும் வளையமுள்ள பழைய லென்ஸே இந்த வேலைக்குச் சிறந்தது. வீட்டு அலமாரியில் தாத்தாவின் காமிரா தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தாத்தாவின் படிக்கும் கண்ணாடியும் உதவும். +3 பவர் என்றால் அதன் குவியத் தூரம் சுமார் 33 செ.மீ. அந்தக் கண்ணாடியை லென்ஸின் முன் வைத்தால், லென்ஸின் குவியத் தூரத்தைக் கண்ணாடியின் குவியத் தூரத்தால் வகுத்த அளவு உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 0.15தான், லாபமில்லை. 200 மி.மீ. ஜூம் லென்ஸுக்கோ 0.6! ஓரங்களில் படம் சற்றுக் குழையும், நடுவில் நன்றாகவே இருக்கும்.

செல்போன் மட்டுமே வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போன் காமிராவின் மேல் ஒட்டி, நடுவில் ஒரு சிறு நீர்த்துளி வைத்து, மெதுவாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். தொங்கும் துளியே லென்ஸ்! பொருளை அதற்குச் சில மில்லிமீட்டர் அருகில் கொண்டுவர வேண்டும். துணியின் நூலும் பூவின் மகரந்தமும் இப்படிப் பார்க்க அருமை. ஓடும் எறும்புக்கு இது உதவாது.

இனி உண்மையான தொல்லைக்கு வருவோம். நிஜ அளவுப் படத்தில் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். தெளிவாக விழும் பகுதியும் மிக மெல்லியது. பழைய பிலிம் சட்டத்தின் அளவுள்ள சென்சாரில், துளையை எஃப் 11 என்று வைத்தாலும் அது ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான். எறும்பின் கண் தெளிவானால் வயிறு மங்கும். துளையை மேலும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எனவே கண்ணைத் தெளிவாக்குங்கள், மற்றவை மங்கட்டும். வளையத்தைத் திருகிக்கொண்டிராமல், முழங்கைகளை ஒரு மணல் பையில் ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பத்தில் ஒரு படம் தேறினாலே மகிழலாம். காலை வெயில் நல்லது. நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள்.

சிலர் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் பூச்சி இருக்கும். அதன் வாழ்க்கை இருக்காது. விடியற்காலைக் குளிரில் பல பூச்சிகள் தாமாகவே மந்தமாக இருக்கும், அப்போது போங்கள்.

எங்கே போவது? மாமரத்துக்குப் போங்கள். இலைகளை இழுத்துச் சேர்த்து, தம் புழுக்கள் சுரக்கும் பட்டு இழையால் தைத்துக் கூடு கட்டும் செந்நிற முசுறு எறும்புகள் அங்கே இருக்கலாம். கடிக்கும், ஆகையால் கிளையில் சாய வேண்டாம். அந்த எறும்புகள் நடமாடும் இடங்களில் ஓர் 'எறும்பு' மட்டும் மற்றவற்றைத் தொடாமல் விலகி விலகி நடப்பதைக் காண நேரலாம். அதைப் படம் பிடித்துக் கால்களை எண்ணுங்கள். ஆறு இருக்காது, எட்டு இருக்கும்! மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்னும் தாவும் சிலந்தி அது. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கிக்கொண்டு எறும்பு வேடம் போடுகிறது. கடிக்கும் எறும்பை நெருங்கப் பல பகைவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே சிலந்திக்குக் கவசம். ஆண் சிலந்தியின் தாடைகள் முன்னே நீண்டிருப்பதால், அது ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்வதுபோல் தோன்றும். வெறுங்கண் எளிதில் ஏமாந்துவிடும். உங்கள் படத்திலோ முகத்தின் முன்னே இரண்டு பெரிய உருண்டைக் கண்கள் தெரியும். எறும்புக்கு அப்படிக் கிடையாது.

படம் எடுத்து முடித்ததும் லென்ஸின் அமைப்பை மாற்றாமல் உங்கள் ஸ்கேலையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். படத்தின் முழு அகலத்தில் ஸ்கேலின் 24 மி.மீ. தெரிகிறது, சிலந்தி அந்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்றால், அதன் நீளம் 8 மி.மீ. தேதி, மரம், நீளம் மூன்றையும் படத்தின் எண்ணோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.