அறிவியற் புனைகதையில் மறைவுக் கூட்டு

அறிவியற் புனைகதை என்றவுடன் விண்கலங்களும் விந்தைப் பொறிகளுமே பலர் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், அவ்வகை நூல்களுட் சில அரசியலையே தம் உயிராகக் கொண்டுள்ளன. பகைவர் இருவர் பிறர் அறியாவாறு கைகோப்பது எதனால் என்பதனை, அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட ‘டியூன்’ என்னும் புதினத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இந்நூல் காட்டும் உலகில் ஆற்றல் மூன்று இடங்களில் நிற்கிறது. பேரரசன் ஷாடம் ஒருபால். அவனுக்கு ஈடாக நிற்கும் பெருங்குடிகளின் மன்றம் மற்றொருபால். விண்வழிப் போக்குவரத்தைத் தனியுரிமையாகக் கொண்ட வணிகக் கழகம் இன்னொருபால். இக்கழகத்தின் மாலுமிகட்கு மெலாஞ்ச் என்னும் நறும்பொருள் இன்றியமையாதது. அஃது அராக்கிஸ் என்னும் பாலைக்கோள் ஒன்றிலன்றி வேறெங்கும் விளைவதில்லை.

கோமகன் லெட்டோவின் புகழ் மன்றத்தில் வளர்வதையும், அவன் படை தன் சர்தௌகர்ப் படைக்கு நிகராக உருவாவதையும் கண்டு பேரரசன் அஞ்சுகிறான். எண்பது ஆண்டுகள் ஹார்க்கோனன் குடியின் கையில் இருந்த அராக்கிஸை லெட்டோவிற்கு வழங்குகிறான். பின்னர், ஹார்க்கோனன் அதனைத் தாக்கும்போது, தன் வீரரையே அக்குடியின் உடையில் அனுப்புகிறான். மாற்றுடை ஏன்? பேரரசனே ஒரு குடியை அழித்தான் என்பது வெளிப்படின், எஞ்சிய குடிகள் யாவும் அடுத்தது தாமோ என அஞ்சி ஒன்றுபட்டு எழும். பேரரசன் அஞ்சுவது லெட்டோவை மட்டுமன்று. இச்செய்தி அறியாத மன்றத்தையுமே.

லெட்டோ இவற்றை அறியாதவன் அல்லன். சர்தௌகர் மாற்றுடையில் வரக்கூடும் என்பதைத் தன் மகன் பாலுக்கு முன்னரே உரைக்கிறான். மறுத்தால் குடியோடு நாடு நீங்கவேண்டும். ஆதலின் வலை என்றறிந்தும் செல்கிறான். அவன் ஐயுறாதவன் ஒருவனே: உயிர்க்கு ஊறு செய்ய இயலாதவாறு பயிற்றப்பட்டவன் என யாவரும் நம்பிய மருத்துவன் யூவே. அவன் மனைவி ஹார்க்கோனன் கையில் சிக்கியிருந்தாள். பேரரசுகள் வகுத்த பெருந்திட்டம் முடிவில் ஒரு கணவனின் துயரத்தால் நிறைவேறுவது இந்நூலின் மிகக் கொடிய பகுதி என்பது எம் கருத்து.

பழந்தமிழில் ‘சூழ்ச்சி’ என்பது ஆராய்ந்து எண்ணுதலையே குறித்தது. வஞ்சகம் என்னும் பொருள் பின்னர் மேலோங்கியது. ஹார்க்கோனனின் செயலுக்கு அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும். பேரரசனின் மறைபொருள் தன்னிடம் உள்ளது என்பதே அவனுக்கு வலிமை. தன் தம்பி மகனை அரியணையில் ஏற்றவும் கருதுகிறான். பேரரசனோ ஃபென்ரிங் என்னும் பிரபுவை அனுப்பி அவனைக் கண்காணிக்கிறான். இக்கூட்டில் நம்பிக்கைக்கு இடமில்லை; ஒருவர் மறையை மற்றவர் அறிவர் என்னும் அச்சமே இருவரையும் பிணிக்கிறது.

இக்கூட்டினை வீழ்த்துவது யாது? அதனினும் சிறியதொரு மறைவுக் கூட்டு. அராக்கிஸின் பாலைக்குடிகளான பிரெமன், தம் நிலத்தை வானிலிருந்து எவரும் நோக்காதிருக்கும்பொருட்டு, வணிகக் கழகத்திற்கு நறும்பொருளைக் கையூட்டாகக் கொடுத்து வருகின்றனர். அதனால் அவர்தம் தொகையைப் பேரரசனும் அறியான், ஹார்க்கோனனும் அறியான். ஹார்க்கோனன் படைகளைப் பெரும்பொருள் பெற்று ஏற்றிச் சென்று வாய்மூடி இருந்ததும் அதே கழகமே! இரு மறைகளையும் விலைக்குக் காத்த அக்கழகம், நறும்பொருளின் விளைவையே அழித்துவிடுவேன் எனப் பால் அச்சுறுத்தியபோது பேரரசனைக் கைவிடுகிறது.

ஹார்க்கோனனை ஆசிரியர் அளவிறந்த தீயோனாகத் தீட்டியிருப்பது ஒரு குறையே. பேரரசனைத் தீட்டிய முறை அதனினும் நுட்பமானது. அனைத்திற்கும் மூலமாகிய அவன், நூலின் இறுதிப் பகுதிவரை நம்முன் நேரில் தோன்றுவதே இல்லை.