வீட்டுக் கம்பியில்லா வலையமைப்பில் கோப்புப் பகிர்வுச் சிக்கல்கள்

வீட்டுக் கம்பியில்லா வலையமைப்பில் கோப்புப் பகிர்வு என்பது, ஒரே திசைவியுடன் (ரவுட்டர்) வைஃபை வழியாக இணைந்துள்ள கணினிகள் தம்மிடமுள்ள கோப்புறைகளை ஒன்றுக்கொன்று திறந்துவிடும் முறையாகும். இரு கணினிகளிலும் இணையம் நன்கு இயங்கியும், ஒன்றின் கோப்புறை மற்றொன்றில் தென்படாமல் போவதே இதில் பரவலாகக் காணப்படும் சிக்கல். இணையத்திற்கு ஒவ்வொரு கணினியும் திசைவியை அடைந்தால் போதும். கோப்புப் பகிர்வுக்கோ கணினிகள் ஒன்றையொன்று அடைய வேண்டும். எனவே இணையம் கிடைப்பது பகிர்வும் கிடைக்கும் என்பதற்குச் சான்றாகாது. இக்கட்டுரை பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளத்தைப் பற்றியது.

பின்னணி

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. இது 1983 இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் உருவாக்கப்பட்டு, பின்னர் மைக்ரோசாப்டால் விரிவாக்கப்பட்டது. லினக்ஸ் கணினிகளில் இதே பணியைச் செய்யும் சாம்பா மென்பொருளை ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரிசையாக அமைந்த சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்ததே சாம்பா என்னும் பெயர். ஆப்பிள் நிறுவனமும் 2013 இல் வெளியான மேவரிக்ஸ் பதிப்பு முதல் எஸ்எம்பியையே முதன்மை முறையாகக் கொண்டுள்ளது.

இணைப்பைச் சோதித்தல்

முதலில் பார்க்க வேண்டியது இரு கணினிகளின் ஐபி முகவரிகள். கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளை இவற்றைக் காட்டும். ஒன்று 192.168.1.5 எனவும் மற்றொன்று 192.168.1.9 எனவும் இருப்பின், பொதுவாக அவை ஒரே வலையமைப்பில் உள்ளன. ஒன்று 192.168.0 என்றும் மற்றொன்று 192.168.1 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு திசைவிகள் இருக்கக்கூடும். இணைய நிறுவனம் தந்த மோடத்திலேயே ஒரு திசைவி அடங்கியிருக்க, அதன்பின் மற்றொன்றைப் பொருத்தும் வீடுகளில் இது நேர்கிறது. அப்போது உள்திசைவியிலுள்ள கணினி வெளித்திசைவியிலுள்ளதை அடைய முடியும், எதிர்த்திசையில் முடியாது. ஒரு பக்கம் மட்டும் இயங்கும் இவ்விந்தை பலரைக் குழப்புகிறது. இரண்டாம் திசைவியை வெறும் அணுகல் புள்ளியாக மாற்றுவதே தீர்வு. முகவரி 169.254 என்று தொடங்கினால் கணினி திசைவியிடமிருந்து முகவரியே பெறவில்லை என்று பொருள்.

முகவரிகள் சரியாக இருந்தும் தொடர்பு இல்லையெனில், அக்கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். விருந்தினர் வலையமைப்பு பொதுவாகக் கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று மறைக்கும் வகையிலேயே அமைக்கப்படுகிறது.

பிங் கட்டளைக்கு மறுமொழி வராததை மட்டும் வைத்து இணைப்பு இல்லை என்று முடிவு செய்யலாகாது. விண்டோஸ் தீச்சுவர் அக்கோரிக்கையையும் தடுக்கக்கூடும்.

பெயரும் முகவரியும்

வலையமைப்புச் சாளரம் வெறுமையாக இருப்பதும் பகிர்வு இயங்காததும் ஒன்றல்ல. முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று நேரடியாகத் தட்டச்சு செய்து பார்க்கலாம். கோப்புறைகள் தோன்றினால் பகிர்வில் குறையில்லை. கணினியின் பெயரைக் கண்டறியும் பகுதியே பழுது. பழைய பதிப்புகளில் இப்பட்டியலைத் தொகுத்த சேவை எஸ்எம்பியின் முதற்பதிப்பைச் சார்ந்திருந்தது. புதிய பதிப்புகளில், காணப்பட வேண்டிய கணினியில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்னும் சேவை இயங்க வேண்டும். பணிக்குழுப் பெயர்கள் வேறுபடுவது பெரும் தடையெனக் கருதப்படுவதுண்டு. அது பட்டியலில் கணினி தோன்றும் இடத்தையே மாற்றும்; அணுகலைத் தடுப்பதில்லை.

தீச்சுவர்

2004 இல் வெளியான எக்ஸ்பி இரண்டாம் சேவைப்பொதி முதல் விண்டோஸ் தீச்சுவர் இயல்பாகவே இயக்கத்தில் உள்ளது. விஸ்டா முதல், வலையமைப்பு பொதுவானதா தனிப்பட்டதா என்பதைப் பொறுத்து அதன் விதிகள் மாறுகின்றன. வீட்டு வைஃபை பொது என்று பதிவாகியிருந்தால் பகிர்வு தடுக்கப்படும். அதனைத் தனிப்பட்டது என மாற்றுவதே முறையான வழி. தீச்சுவரை அடியோடு நிறுத்திவைப்பது தீர்வன்று. சோதனைக்காகச் சில நிமிடங்கள் நிறுத்தினாலும் மீண்டும் இயக்க வேண்டும். பகிர்வுக்குத் தேவைப்படுவது முதன்மையாக டிசிபி 445 ஆம் போர்ட் மட்டுமே.

அனுமதிகள்

கணினி தென்பட்டும் கோப்புறை திறக்கவில்லையெனில் சிக்கல் அனுமதியில் உள்ளது. பிழை எண்களும் இதனைப் பிரித்துக் காட்டுகின்றன: 53 என்பது பாதை கிட்டவில்லை என்றும், 5 என்பது அணுகல் மறுக்கப்பட்டது என்றும் பொருள்படும். பகிர்வு அனுமதி, வட்டிலுள்ள கோப்பு அனுமதி என இரு அடுக்குகள் உள்ளன. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். கடவுச்சொல் இல்லாத பயனர் கணக்கை வலையமைப்பு வழியாகப் பயன்படுத்த விண்டோஸ் இயல்பாக இடமளிப்பதில்லை. உள்நுழைய அன்றாடம் இடும் பின் எண்ணும் இங்கே செல்லாது. கணக்கின் கடவுச்சொல்லே வேண்டும்.

பழைய நெறிமுறையும் இடரும்

எக்ஸ்பி கணினிகளும் சில பழைய வலையமைப்பு வட்டுகளும் எஸ்எம்பி முதற்பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை பணயத் தீநிரல் இம்முதற்பதிப்பைக் கையாளும் நிரலில் இருந்த ஓட்டையையே பயன்படுத்தியது. தொற்றுக்குள்ளான ஒரு கணினியிலிருந்து அதே வலையமைப்பிலிருந்த மற்றவற்றுக்கு, எவரும் எதையும் சொடுக்காமலேயே அது தாவியது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகள் சிக்கின.

அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது முதற்பதிப்பு சேர்க்கப்படுவதில்லை. பழைய வட்டு திடீரென மறைந்துபோனதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். முதற்பதிப்பை மீண்டும் இயக்குமாறு கூறும் அறிவுரை எளிதில் பலனளிப்பது போலத் தோன்றினாலும், குடும்பப் படங்களும் ஆவணங்களும் உள்ள கணினியில் அது தக்கதன்று. வட்டின் நிலைபொருளை இற்றைப்படுத்துவதும், இயலாதபோது கோப்புகளை யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்வதும் மேல். 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு எஸ்எம்பி கையொப்பத்தையும் பெரும்பாலான பதிப்புவகைகளில் கட்டாயமாக்கியதால், அதற்குப் பின்னரும் சில வட்டுகள் மறுக்கப்படுகின்றன. விண்டோஸ் 7 உடன் வந்த ஹோம்குரூப் வசதி 2018 இல் விண்டோஸ் 10 இலிருந்து நீக்கப்பட்டது.

வேகம்

இரு கணினிகளும் ஒரே திசைவியின் வைஃபையில், ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒவ்வொரு தரவுப்பொதியும் அனுப்பும் கணினியிலிருந்து திசைவிக்கும், அங்கிருந்து பெறும் கணினிக்கும் என இருமுறை காற்றில் பயணிக்கிறது. அதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. பெரிய கோப்புகளை மாற்றும்போது ஒரு கணினியையேனும் கம்பி வழியாகத் திசைவியில் இணைத்தால் இவ்விழப்பு நீங்கும்.