பௌத்த, இந்தியத் தொல்கலைகளும் புகைப்பட ஆவணமும்: ஒரு நோக்கு

நிந்தவூரிலிருந்து தென்மேற்கே வயல்வெளிகளைக் கடந்து சென்றால் தீகவாபித் தாதுகோபத்தை அடையலாம். கரையோரமாகத் தெற்கே சென்றால் பொத்துவில் மணல்மேடுகளிடையே முகுது மகா விகாரையின் கற்சிலைகளைக் காணலாம். அம்பாறை நகருக்கு வடமேற்கேயுள்ள இராஜகலை மலையில் மகிந்த தேரரின் பெயரைத் தாங்கிய பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களின் அயலிலே இத்தகைய பௌத்தச் சின்னங்கள் இருப்பதை நாம் அறிவோம். எனினும் அவற்றை ஆராய்வதும் ஆவணப்படுத்துவதும் பிறருடைய பணி என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதை, தொல்கலைகளைப் புகைப்படத்திலும் திரைப்படத்திலும் பதிவுசெய்த வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசந்தா தரும் பாடம்

புகைப்படக்கலை 1839 இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஓர் ஓவியத்தைப் பதிவுசெய்ய வேண்டுமாயின் மற்றோர் ஓவியன் அதைக் கையாற் படியெடுக்க வேண்டும். அசந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்கும் பணி 1844 இல் சென்னைப் படையைச் சேர்ந்த றொபேட் கில் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பல்லாண்டு உழைப்பில் அவர் வரைந்த படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, பளிங்கு மாளிகையிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அங்கு ஏற்பட்ட தீயில் அவற்றுட் பெரும்பாலானவை எரிந்தன. பின்னர் பம்பாய்க் கலைப் பள்ளியைச் சேர்ந்த ஜோன் கிறிபித்சும் அவருடைய மாணவரும் 1872 முதல் 1885 வரை மீண்டும் படியெடுத்தனர். அவற்றிலும் கணிசமானவை 1885 இல் இலண்டன் தென் கென்சிங்டனில் ஏற்பட்ட தீக்கு இரையாயின.

இவ்விரு விபத்துகளும் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்துகின்றன. கையாற் படியெடுத்த ஓவியமும் ஒன்றே ஒன்றுதான். அது எரிந்தால் உழைப்பு முழுவதும் எரிந்துபோகும். புகைப்படமோ பல பிரதிகளாகிப் பல ஊர்களில் இருக்கக்கூடியது. கில் தமது கமராவினால் எடுத்த அசந்தா, எல்லோராப் படங்கள் 1864 இல் நூலாக வெளிவந்தமையாற் பல கைகளுக்குப் பரவின. ஆனால் அக்காலப் புகைப்படம் வண்ணத்தைக் காட்டும் ஆற்றல் அற்றது. இருண்ட குகையின் சுவர்களும் அதற்கு எளிதில் வசப்படவில்லை.

இக்குறையைப் பெருமளவுக்கு நீக்கியவர் குலாம் யஸ்தானி. ஐதராபாத் நிசாமின் அரசில் 1914 இல் தொல்பொருளியல் திணைக்களம் நிறுவப்பட்டபோது அதன் பணிப்பாளராக அமர்ந்த இவ்வறிஞர், அசந்தா ஓவியங்களை நான்கு பகுதிகளாக 1930 முதல் 1955 வரை வெளியிட்டார். அப்பிரதிகள் புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதை நூலின் தலைப்பே அறிவிக்கின்றது. ஒரு முஸ்லிம் அரசின் பொருளுதவியுடன், ஒரு முஸ்லிம் அறிஞரின் தலைமையில், பௌத்த ஓவியத்தின் மிகப் பெரிய ஆவணங்களில் ஒன்று உருவாயிற்று என்பது எம்மவர் ஊன்றி நோக்க வேண்டியதொன்றாகும். யஸ்தானி அதைப் பிறருடைய பணியாகக் கருதவில்லை.

தஞ்சையும் பொலன்னறுவையும்

தமிழகத்தில் இத்துறையின் முன்னோடியாக லினியஸ் றைப் என்பவரைக் குறிப்பிடலாம். சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர் 1858 இல் தஞ்சைப் பெருங்கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். அழகிய காட்சியை மட்டும் தேடும் கமராவிலிருந்து, வாசிக்கப்பட வேண்டிய சான்றைத் தேடும் கமரா இங்கே வேறுபடுவதைக் காணலாம்.

இலங்கையில் ஜோசப் லோட்டன் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் படமெடுத்தார். அக்கால ஈரத்தகட்டு முறையிற் கண்ணாடித் தகட்டுக்கு மருந்து பூசி, அது உலருமுன்னரே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆதலால் இருட்கூடாரத்தையும் மருந்துகளையும் நீரையும் காட்டினுள்ளே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. நோயுற்ற லோட்டன் 1872 இல் இறந்தார். இன்று வெண்ணிறமாகப் பொலியும் றுவன்வெலிசாய, மரங்கள் முளைத்த மண்மேடாக நின்ற காலத்தை அன்றைய படங்களாலேயே அறிகின்றோம். புனரமைப்பும் பழைய தோற்றத்தை அழிக்கின்றது என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயினும் கமரா நடுநிலையானது என்று கொள்ளுதல் தவறு. எதைச் சட்டத்துள் அடக்குவது, எதை வெளியே தள்ளுவது என்பதைப் படமெடுப்பவரே முடிவுசெய்கின்றார். குடியேற்றவாதக் காலத்துப் படங்கள் பலவற்றில் தூணின் உயரத்தைக் காட்டுவதற்காக உள்ளூர் மனிதர் ஒருவர் அதனருகே நிறுத்தப்பட்டிருப்பார். தூணின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். மனிதரின் பெயர் இராது. அவர் அங்கே ஓர் அளவுகோல் மாத்திரமே. 1908 இல் வெளிவந்த ஆனந்த குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் இப்போக்கிலிருந்து வேறுபடுகின்றது. அவருடைய மனைவி எதல் எடுத்த புகைப்படங்கள் இடம்பெற்ற அந்நூல், கலைப்பொருளோடு அதை ஆக்கிய கைவினைஞரின் தொழிலையும் வாழ்வையும் விளக்குகின்றது. கண்டிய மரபுக் கலைகளுக்கு இவ்வாறு ஆவணம் அமைத்தவர் தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

திரைப்படத்தின் ஆற்றல்

தாதுகோபத்தை வலம்வருதலும் சிலையின் முன் மலர் வைத்தலும் அசைவிலே பொருள் பெறுவன. அசையாப் படத்தில் அடங்காத இவ்வழிபாட்டு வாழ்வைத் திரைப்படம் பதிவுசெய்ய வல்லது. பசில் றைற் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற 1934 ஆம் ஆண்டு விவரணப் படம் பொலன்னறுவைக் கல்விகாரைச் சிலைகளை வழிபடுவோருடன் இணைத்துக் காட்டுகின்றது. லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். அப்படத்துக்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை என்பதையும் மறத்தலாகாது. ஆவணத்தை மதிப்பிடும்போது அதைச் செய்வித்தவர் யார் என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும்.

இழப்பும் சான்றும்

1967 இல் சிகிரியா ஓவியங்கள் மீது விஷமிகள் வண்ணப்பூச்சைப் பூசிச் சிதைத்தனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, படியெடுக்கப்படாத ஏடுகள் மீளா வண்ணம் அழிந்தன. 2001 மார்ச்சில் ஆப்கானித்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தனர். ஆனால் 1970 இல் அளவீட்டு நோக்குடன் எடுக்கப்பட்டிருந்த படங்களைக் கொண்டு, சூரிச் ஆய்வாளர்கள் பெரிய சிலையின் முப்பரிமாண வடிவைக் கணினியில் மீட்டமைத்தனர். ஏடுகளுக்கு நேராதது சிலைக்கு நேர்ந்தமைக்குக் காரணம் முன்கூட்டியே எடுக்கப்பட்ட ஆவணமேயாகும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் வீட்டுப் புகைப்படங்களையும் காணி உறுதிகளையும் இழந்த கரையோர மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எமது கடமை

கிழக்கு மாகாணத்திலே தொல்பொருள் என்ற சொல் காணி பற்றிய அச்சத்தோடு பிணைந்துள்ளது. 2020 ஜூனில் இம்மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. இந்நிலையில் அச்சம் எழுந்தமை இயல்பே. ஆனால் அதற்கு விடை, சின்னங்களிலிருந்து விலகி நிற்பதன்று. நாம் விலகி நின்றால் சட்டத்துள் எது அமைய வேண்டும் என்பதைப் பிறரே முடிவுசெய்வர். றைப், லோட்டன் காலத்துப் பெயரற்ற மனிதரின் நிலையே எமக்கும் வாய்க்கும்.

ஆகவே நாம் எடுக்கும் ஆவணத்துக்குச் சில நெறிகள் இன்றியமையாதவை. ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருத்தல் வேண்டும். இடம், திசை, திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவை குறிக்கப்படல் வேண்டும். தேய்ந்த கல்வெட்டைப் பக்கவாட்டு ஒளியிற் படமெடுத்தால் எழுத்துகள் நிழலுடன் துலங்கும். சின்னத்தை மாத்திரமன்றி அதைச் சூழ்ந்த வயலையும் குளத்தையும், அங்கு வாழ்வோரின் நினைவுகளையும் பதிவுசெய்தல் வேண்டும். பிரதிகள் ஒரே இடத்தில் முடங்காது, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற பல நிலையங்களிற் பேணப்படுதல் நன்று.

புகைப்படம் எவருக்கும் உரிமைப் பத்திரம் அன்று, அது சாட்சியம். சாட்சியத்தின் வலிமை அதைச் சொல்பவர் எந்தச் சமூகத்தவர் என்பதில் இல்லை, எவ்வளவு முழுமையாகச் சொல்கின்றார் என்பதிலேயே தங்கியுள்ளது. தீகவாபிக் கற்களையும் அவற்றின் அருகே நெல் விளைவிக்கும் மக்களையும் ஒரே படத்துள் நேர்மையாகப் பதிவுசெய்ய முற்படும்போதே எமது பணி தொடங்குகின்றது.