மட்டில்டா என்றால் என்ன அர்த்தம்? ஒரு பெயருக்குள் இவ்வளவு போராட்டமா!

கால்பந்து பார்ப்பவர்களுக்கு 'மட்டில்டாஸ்' தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியப் பெண்கள் அணியின் செல்லப்பெயர் அது. 2023 உலகக் கோப்பையில் அந்த அணி அரையிறுதி வரை போனதும் நாடே கொண்டாடியது. அங்குள்ள தேசிய அகராதி மையம் 'மட்டில்டா'வையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. சரி, இந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?

இரண்டு சொல், ஒரு பெயர்

பழைய ஜெர்மானிய மொழியில் 'மஹ்ட்' என்றால் வலிமை, 'ஹில்ட்' என்றால் போர். சேர்த்தால், 'போரில் வலிமை மிக்கவள்'. ஹில்டா, புரூன்ஹில்டா போன்ற பெயர்களில் இருப்பதும் இதே 'ஹில்ட்'தான்.

1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த மன்னர் வில்லியமின் மனைவி பெயர் மட்டில்டா. நார்மன்களோடு சேர்ந்து இந்தப் பெயரும் கடல் தாண்டி இங்கிலாந்தில் பரவியது.

கிரீடம் கிடைக்காத வாரிசு

வில்லியமின் பேத்தி பெயரும் மட்டில்டாதான். அப்பா முதலாம் ஹென்றிக்குப் பிறகு இவரையே ஏற்பதாகப் பிரபுக்கள் சத்தியம் செய்திருந்தார்கள். ஆனால் 1135-ல் ஹென்றி இறந்ததும், முந்திக்கொண்டு முடிசூடியவர் உறவினர் ஸ்டீபன். உள்நாட்டுப் போர் வெடித்தது. 1141-ல் ஸ்டீபனைச் சிறைபிடித்து லண்டன் வரை வந்துவிட்டார் மட்டில்டா. முடிசூட்டு விழாவுக்கு முன்பே நகர மக்கள் அவரை விரட்டிவிட்டார்கள். கடைசிவரை கிரீடம் கிடைக்கவே இல்லை. 1154-ல் அரியணை ஏறியது அவருடைய மகன், இரண்டாம் ஹென்றி.

அதென்ன 'மட்டில்டா எஃபெக்ட்'?

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ். பெண்களின் கண்டுபிடிப்புகளுக்கான பெயர் ஆண்களுக்குப் போவதை அப்போதே எழுதினார். அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர், 1993-ல் இந்தப் போக்குக்கு 'மட்டில்டா எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்.

உதாரணம் வேண்டுமா? அணுக்கருப் பிளவை விளக்கியவர்களில் முக்கியமானவர் லீஸ் மைட்னர். ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்கான 1944-ம் ஆண்டு வேதியியல் நோபல், அவரோடு பல வருஷம் வேலை பார்த்த ஓட்டோ ஹானுக்கு மட்டுமே போனது.

இது அறிவியல் உலகில் பிறந்த சொல். ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு பெண் சொன்ன ஐடியா, அடுத்த வாரம் வேறொருவர் பெயரில் ஸ்லைடாக வருவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது!