பதிவு செய்த நிகழ்ச்சி கட்டம் கட்டமாக உடைகிறதா? கோளாறு கூரையிலா, பெண்டிரைவிலா?

டிவி2இல் ஒளியேறும் தமிழ் நிகழ்ச்சியைப் பார்க்க எல்லாராலும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடிவதில்லை. ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களும், விடியற்காலைப் பெரட்டுக்குப் போக வேண்டியிருப்பதால் சீக்கிரம் படுப்பவர்களும் டிகோடரில் நேரம் குறித்து, பெண்டிரைவில் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறார்கள். தீபாவளிச் சிறப்புப் படமோ, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொண்ட நிகழ்ச்சியோ, அப்படித்தான் பல வீடுகளில் சேர்த்து வைக்கப்படுகிறது.

போட்டுப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது, அல்லது பாதியில் நின்று போகிறது. உடனே "பெட்டி கெட்டுவிட்டது" என்று புதிய டிகோடர் வாங்கிவிடுகிறார்கள். புதிய பெட்டியிலும் அதே கோளாறு தொடர்வதுண்டு. காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருப்பதுதான்.

பழைய டேப் வேறு, இன்றைய பதிவு வேறு

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. பழைய அனலாக் முறை 2019 அக்டோபர் 31இல் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. இப்போது ஏரியல் வழியாக இலவசமாக வருவது டிவிபி-டி2 என்னும் மின்னிலக்க ஒளிபரப்பு.

வீடியோ டேப் காலத்தில் பதிவு எப்போதும் நேரடிப் படத்தைவிட மங்கலாகவே இருக்கும். டேப் தேய்ந்தால் இன்னும் மங்கும். மின்னிலக்க டிகோடர் அப்படிச் செய்வதில்லை. ஏரியலில் வந்த தரவை அப்படியே பெண்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ எழுதி வைக்கிறது. வந்தது முழுமையாக இருந்து, எழுதியதும் முழுமையாக இருந்தால், பதிவு நேரடிப் படத்துக்குச் சமமாக இருக்கும். ஆகவே தேட வேண்டிய இடம் இரண்டுதான்: வரும் வழி, எழுதும் இடம்.

பத்து நிமிடச் சோதனை

செலவில்லாத சோதனை ஒன்று இதைப் பிரித்துக் காட்டிவிடும். வழக்கமாகப் பதிவு கெடும் அதே நேரத்தில், டிவி2ஐப் பார்த்துக்கொண்டே 10 நிமிடம் பதிவு செய்ய வேண்டும். படம் உடையும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பதிவை இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நேரடியாகப் பார்த்தபோதும் உடைந்து, பதிவிலும் அதே இடத்தில் உடைந்தால், கோளாறு ஏரியல் பக்கம். நேரடிப் படம் சுத்தமாக இருந்து, பதிவு மட்டும் இரண்டு முறையும் ஒரே இடத்தில் உடைந்தால், எழுதும்போது கோளாறு நேர்ந்திருக்கிறது. முதல் முறை ஓரிடத்திலும் மறுமுறை வேறிடத்திலும் உடைந்தால், எழுதியது சரி, படிப்பதில்தான் சிக்கல். பெண்டிரைவையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

நேரம் முக்கியம். இரவில் சோதித்து "படம் நன்றாகத்தானே வருகிறது" என்று விட்டுவிடக் கூடாது. கெட்டுப்போன பதிவு மாலை மழையில் எடுத்ததாக இருக்கலாம். அப்போது வீட்டில் யாரும் நேரடியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏரியல் பக்கம் கோளாறு என்றால்

மின்னிலக்க ஒளிபரப்பில் புள்ளி புள்ளியாக மங்கும் படம் கிடையாது. அலை போதுமான அளவு இருக்கும்வரை படம் முழுமையாக வரும். அந்த அளவுக்குக் கீழே போனதும் திடீரென உடைந்துவிடும். அதனால் விளிம்பில் நிற்கும் வீடுகளில், பகலில் தெளிவாக வரும் படம் மழை வந்ததும் காணாமல் போகிறது.

டிகோடர் மெனுவில் அலையின் வலிமை, தரம் என இரண்டு பட்டைகள் தெரியும். பலரும் வலிமையை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தரம். வலிமை அதிகமாகவும் தரம் குறைவாகவும் இருந்தால், பூஸ்டர் அளவுக்கு மீறிப் பெருக்குகிறது, அல்லது மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பும் அலை குறுக்கிடுகிறது என்று பொருள். அங்கே இன்னொரு பூஸ்டர் போட்டால் நிலைமை மோசமாகும்.

நெகிரி செம்பிலானில் மலையும் செம்பனையும் கணக்கில் வர வேண்டியவை. சிரம்பானுக்கும் ஜெலுபுவுக்கும் இடையே தெலாப்பாக் புரோக் மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. தம்பின், கிம்மாஸ் பக்கத்தில் சில வீடுகளுக்கு ஜொகூர் எல்லையிலுள்ள லேடாங் மலைத் திசை பொருந்தலாம். நீலாய், மந்தின் பக்கத்தில் சில வீடுகளுக்குக் கோலாலம்பூர்த் திசை பொருந்தலாம். பக்கத்து லயத்தில் நன்றாக வரும் வீட்டின் ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் குச்சிகள் படுத்திருக்கின்றனவா நின்றிருக்கின்றனவா என்று பார்த்து, அதைப் பின்பற்றுவதே எளிய வழி.

மறு நடவு செய்த ஆண்டில் தடையில்லாமல் இருந்த திசை, பத்தாண்டு கழித்து அப்படி இருக்காது. செம்பனை ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளர்கிறது. லயத்துக் கூரை உயரத்தை மட்டை தாண்டியதும், ஏரியலுக்கும் கோபுரத்துக்கும் நடுவே பச்சைச் சுவர் எழுந்துவிடுகிறது. நனைந்த மட்டை அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். "போன வருஷம் நன்றாக வந்தது, எதையும் தொடவில்லை" என்று சொல்லும் வீடுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். குழாயை உயர்த்துவதோ, மரங்களுக்கு இடையே வழி தெரியும் பக்கமாக ஏரியலை நகர்த்துவதோ பலன் தரும்.

அடுத்தது ஏரியலின் வகை. மின்னிலக்க ஒளிபரப்பு யூஎச்எஃப் அலைவரிசையில் வருகிறது. அனலாக் காலத்தின் நீண்ட குச்சிகள் கொண்ட விஎச்எஃப் ஏரியல் இதற்கு ஏற்றதல்ல. குட்டைக் குச்சிகள் கொண்ட யூஎச்எஃப் ஏரியல் தேவை.

வயரையும் விட்டுவிடக் கூடாது. ஏரியலில் வயர் சேரும் முனையில் மழைநீர் புகுந்தால் உள்ளே செம்பு பச்சை பூக்கும். அப்படிப்பட்ட முனையை வெட்டி, புதிய இணைப்பு போட்டு, நீர் புகாத டேப்பால் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால், நீர் அங்கேயே சொட்டிவிடும். இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான அலையே போகும். அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பூஸ்டர் தேவைப்பட்டால் ஏரியல் பக்கத்தில் இருக்க வேண்டும். நீண்ட வயரின் கடைசியில், டிவிக்குப் பின்னால் வைத்தால், வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

எழுதும் இடத்தில் கோளாறு என்றால்

முதலில் பெண்டிரைவை மாற்றிச் சோதிக்க வேண்டும். மலிவான பெண்டிரைவ் சில நேரம் வேகமாகவும் சில நேரம் மெதுவாகவும் எழுதும். மெதுவான நொடியில் வந்த தரவு விடுபட்டுப் போகும். 128 ஜிபி என்று அச்சிட்டு, உண்மையில் அதில் ஒரு பகுதியே கொள்ளும் போலிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் முதல் சில பதிவுகள் சரியாக இருக்கும். பிறகு எழுதுவதெல்லாம் பாழாகும். புதிய பெண்டிரைவ் வாங்கியதும், கணினியில் அதை முழுவதும் நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

படம் எப்போதும் ஒன்றரை மணி நேர அளவில் நின்றுவிட்டால், காரணம் வேறு. நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் வரும் அலைவரிசை 1 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.7 ஜிபி இடம் பிடிக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மெட் செய்த பெண்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல டிகோடர்கள் அந்த இடத்தில் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும். எனவே பட்டியலில் இரண்டாவது கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்காத பெட்டியானால், அது ஏற்கும் வேறு முறையில் டிகோடர் மெனுவிலேயே ஃபார்மெட் செய்யலாம். ஃபார்மெட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முன்னதாக எடுத்து வைக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்று நின்று ஓடினால் மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 500 மில்லிஆம்பியர். சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் இதற்குத் தீர்வு. டிஸ்க்கைச் செருகியதும் அலையின் தரம் குறைந்தால், அதையும் அதன் வயரையும் ஏரியல் வயரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

பதிவே இல்லையென்றால்

பெண்டிரைவ் காலியாக இருந்தால், முதலில் சுவர்ச் சுவிட்சைக் கேட்க வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வெளியே போகும்போது சுவிட்சை அணைக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் நேரம் குறித்த டிகோடர் ரிமோட்டில் அணைத்த நிலையில், மின்சாரத்தோடு இருக்க வேண்டும். நிகழ்ச்சி முன்பின்னாகத் தொடங்கலாம் என்பதால், 5 நிமிடம் முன்பும் 10 நிமிடம் பின்பும் சேர்த்துக் குறிப்பது நல்லது. பதிவு ஓடும்போது பிள்ளைகள் வேறு அலைவரிசைக்கு மாற்றினால், சில பெட்டிகள் பதிவை நிறுத்திவிடும்.

உயிரைவிடப் பதிவு பெரிதல்ல

இடி மின்னல் நேரத்தில் கூரைப் பக்கமே போகக் கூடாது. இடி தொடங்குவதற்கு முன்பே ஏரியல் வயரையும் பிளக்கையும் கழற்றி வைக்க வேண்டும். அன்று பதிவு இல்லாமல் போனால் போகட்டும். அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்பது செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்குத் தெரியும். ஏரியல் குழாய்க்கும் அதே ஆபத்து உண்டு. மின்கம்பி அருகில் இருந்தால் வேலையை அனுபவமுள்ளவரிடம் விட வேண்டும். லயத்து வீடானால் குழாய் நடும் முன் தோட்ட அலுவலகத்திலும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் சோதனை, பிறகு வயரும் இணைப்பும், பிறகு பெண்டிரைவ், அதன்பின் ஏரியல், கடைசியாகவே டிகோடர். இந்த வரிசையில் போனால் பல வீடுகளில் சில வெள்ளியோடு வேலை முடிந்துவிடும்.

நல்ல பதிவு கிடைத்தபின் அதை ஒரே பெண்டிரைவில் விட்டு வைக்கக் கூடாது. சில டிகோடர்களின் பதிவு அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். அதைக் கணினியில் போட்டு முன்னதாகவே தெரிந்துகொள்ளலாம். கணினியில் ஓடுமானால் உடனே இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஓடாவிட்டால், பழைய பெட்டியைத் தூக்கிப் போடும் முன் அதிலுள்ள பதிவுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி போனால் அவையும் போய்விடும்.