விபத்து ஜான்சியில், வழக்கு மதுரையில்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 சுமார் 3,745 கிலோமீட்டர் நீளம். அதைக் குழுவாகச் சைக்கிளில் கடக்கப் புறப்படுபவர்கள் கியர், டியூப், தங்குமிடம் என எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசித் தீர்க்கிறார்கள். நடுவழியில் ஒருவர்மீது லாரி மோதினால் என்ன செய்வது என்பதை மட்டும் பேசுவதில்லை. அடிபட்டவரை எப்படியோ ஊர் கொண்டுவந்து சேர்க்கும் குடும்பமும், "அவ்வளவு தூரம் போய் யார் கேஸ் நடத்துவது?" என்று விட்டுவிடுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி, ஜான்சி அருகே அடிபட்ட மதுரைக்காரர் மதுரையில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடுதான் இங்கே பேசும். யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெற 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் சமரசமாக அதை வாங்கிக்கொண்டால், கூடுதல் தொகை கேட்டுப் போட்ட மனு அற்றுப்போகலாம். சம்பாதிக்கும் வயதில் கால் இழந்தவருக்கு 2.5 லட்சம் எந்த மூலைக்கு? வக்கீலைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி உண்டு. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்திலிருந்து கிடைக்கும். இதற்கு மட்டும் விபத்து நடந்த பகுதியின் வருவாய் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் முதல் ஒரு மணி நேரத்தில் கூட இருப்பவர்கள் செய்யும் வேலை. 112ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் உண்டு. போலீஸ் வரட்டும், முன்பணம் கட்டுங்கள் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட மருத்துவருக்கு உரிமை இல்லை. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. 2025 முதல், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கும் அது பொருந்தும்.

ஒருவர் ஆம்புலன்ஸில் ஏறும்போதே இன்னொருவர் வண்டி எண்ணையும் சைக்கிள் கிடந்த இடத்தையும் படமெடுத்துவிட வேண்டும். ஓட்டுநர் சில ஆயிரம் ரூபாயை நீட்டி "முடித்துக்கொள்ளலாம்" என்பார். வாங்கவே வாங்காதீர்கள். தலைக்காயமும் உள்காயமும் மறுநாள்கூடத் தெரியவரலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்ப முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எங்கும் புகார் தரவும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறவும் உரிமை தருகிறது. எழுதியது இந்தியில் இருந்தால், மொழி தெரிந்தவரை விட்டு வாசிக்கச் சொல்லிப் பொருள் புரிந்தபின் கையெழுத்திடுங்கள்.

குழுவாகப் போவதால் கூடும் ஆபத்தும் உண்டு. காற்றை மறைக்க ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டியே அடுத்தவர் மிதிக்கும்போது, பின்னால் வருபவருக்குப் பள்ளம் தெரியாது. ஒருவர் விழுந்தால் நால்வர் விழுவார்கள். பேசிக்கொண்டே இருவர் மூவராக அடைத்துப் போவதும், விளக்கில்லாமல் இரவில் ஓட்டுவதும் உயிருக்குக் கேடு. வழக்கிலும் உங்கள் பங்கிலும் தவறு உண்டு என்று இழப்பீட்டைக் குறைப்பார்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை போன்ற, சைக்கிளுக்குத் தடையுள்ள பாதைகளில் கைபேசி வரைபடம் காட்டுகிறதே என்று ஏறிவிடாதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் ஏற்பாட்டாளர், "என் உயிருக்கு நானே பொறுப்பு" என்று எழுதி வாங்குவது வழக்கம். அந்தத் தாள் லாரிக்காரரைக் காப்பாற்றாது. சொன்ன துணை வாகனமும் முதலுதவியும் வரவில்லை என்றால், அது சேவைக் குறைபாடு. நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆலோசனைக்கு 1915ஐ அழையுங்கள்.

புறப்படும் முன் குழுவில் இருவரையாவது விபத்து நடந்தால் செய்ய வேண்டிய வேலைக்கென்று நியமியுங்கள். ஒவ்வொருவரின் இரத்த வகை, ஆதார் நகல், வீட்டு எண், வருமானச் சான்று அவர்கள் கைபேசியில் இருக்கட்டும். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்: தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நாளிலிருந்து சட்டம் தரும் அவகாசம் 6 மாதம்தான்.